யாழ்ப்பாணத்துப் புறநகரும் அதன் கிணறும்

நகரம் எது, கிராமம் எது என்று கேட்டால் பாடசாலைப் பிள்ளையும் தயங்காது விடை கூறும். ஆனால் நகரத்தின் விளிம்பிலே இருந்துகொண்டு, இரண்டினது இயல்பையும் ஓரளவு பெற்று, இரண்டில் ஒன்றாகவும் முற்றாக மாறாது நிற்கும் ஊர்களைப் பற்றிக் கேட்டால் விடை அவ்வளவு எளிதில் வருவதில்லை. அவற்றைப் புறநகர் என்று அழைப்பது இக்கால வழக்கு. யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சூழ்ந்தும் இத்தகைய ஊர்கள் உண்டு. கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி, கல்வியங்காடு, அரியாலை என்பன அவற்றுட் சில. அவ்வூர்களில் வாழ்வது எத்தகையது, அந்த வாழ்வு எதனை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது, அந்த ஆதாரத்துக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன என்பனவற்றை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மேனாட்டிலே புறநகர் தோன்றிய விதம் வேறு. இலண்டன் போன்ற மாநகரங்களில் முதலில் நகரம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகையிரதப் பாதைகள் நீண்டபோது, நகரத்து நெருக்கத்தையும் புகையையும் வெறுத்தவர்கள் பாதையோரத்து வயல்களிலே வீடமைத்துக் குடியேறினர். ஆகவே அங்கே நகரம் தாய், புறநகர் பிள்ளை. யாழ்ப்பாணத்திலோ இந்த முறை தலைகீழாக அமைந்தது. தமிழரசர்களின் தலைநகராக விளங்கியது நல்லூர். 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அந்த அரசைக் கைப்பற்றிய பின்னரே கடலோரத்திலே கோட்டையும் அதனைச் சார்ந்த பட்டினமும் எழுந்தன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்பட்டினத்தையே வளர்த்தனர். அரசிருந்த நல்லூர் பட்டினத்தின் அயலாயிற்று. எனவே யாழ்ப்பாணத்துப் புறநகர் ஊர்கள் பட்டினத்திலிருந்து பிரிந்து சென்றவை அல்ல. பட்டினம் தோன்றுவதற்கு முன்னரே கோயிலும் குளமும் தோட்டமும் கொண்டு நிலைபெற்ற ஊர்கள் அவை. இந்த முதுமை அவற்றின் வாழ்க்கை முறையிலே இன்றும் புலப்படுகின்றது.

அவ்வூரவர்களின் பேச்சிலேயே இதற்குச் சான்று உண்டு. கொக்குவிலில் வாழ்பவர் பட்டினத்துக் கடைத்தெருவுக்குப் புறப்படும்போது ‘ரவுணுக்குப் போய் வருகிறேன்’ என்று வீட்டிலே சொல்லிச் செல்வார். இடைத்தூரம் இரண்டு மூன்று மைல்தான்; எனினும் அவருடைய மனத்தில் ரவுண் வேறு, ஊர் வேறு. கொழும்பிலோ கடல் கடந்த நாடுகளிலோ மற்றொரு யாழ்ப்பாணத்தவர் ‘நீங்கள் எவ்விடம்?’ என்று வினவினால் அவர் யாழ்ப்பாணம் என்று விடையளிப்பதில்லை. கொக்குவில் என்பார், மேலும் கேட்டால் கிழக்கோ மேற்கோ என்பதையும், எந்தக் கோயிலடி என்பதையும் சேர்த்துச் சொல்வார். பட்டினத்தில் உழைத்து ஊரில் வாழ்வதே இவர்களுடைய வழக்கம்.

பட்டினத்திலிருந்து நான்கு பெரும் வீதிகள் விரல்களைப்போல விரிந்து செல்கின்றன. காங்கேசன்துறை வீதியிலே கொக்குவிலும் இணுவிலும், பலாலி வீதியிலே திருநெல்வேலியும் கோண்டாவிலும், பருத்தித்துறை வீதியிலே நல்லூரும் கல்வியங்காடும், கண்டி வீதியிலே அரியாலையும் அமைந்துள்ளன. இவ்வீதிகளின் இரு மருங்கிலும் கடைகளும் வங்கிகளும் பாடசாலைகளும் நெருங்கி நிற்பதனால், பேருந்திலே செல்பவருக்குப் பட்டினம் முடிந்த இடமும் ஊர் தொடங்கிய இடமும் தெரிவதில்லை. ஆனால் வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள்ளே இறங்கினால் காட்சி மாறிவிடும். இரு பக்கமும் வேலி அல்லது மதில். வேலிக்கு உள்ளே மாவும் பலாவும் முருங்கையும் தென்னையும் நிற்கும் வளவு. வளவின் நடுவே வீடு. வீட்டின் பக்கத்தே கிணறு. அதற்கப்பால் செம்மண் தோட்டம். தோட்டத்திலே வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் வாழையும் மரவள்ளியும் பருவந்தோறும் மாறி மாறி விளையும். விடியற்காலையில் இத்தோட்டங்களிலிருந்து புறப்படும் மரக்கறி திருநெல்வேலிச் சந்தையில் வந்து குவிகின்றது. அதே வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்த மாணவர்களும், அலுவலகத்துக்குச் செல்வோரும் துவிச்சக்கரவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் பட்டினத்தை நோக்கி விரைவர். ஒரே ஒழுங்கையிலே விவசாயியும் எழுதுவினைஞரும் விரிவுரையாளரும் அயலவர்களாக வாழ்வது இவ்வூர்களின் தனிச்சிறப்பு. பல வீடுகளிலே தந்தை தோட்டக்காரர், மகன் உத்தியோகத்தர்.

இவ்வமைப்பு ஒரே நாளில் உண்டாகியதன்று. 1905ஆம் ஆண்டு கொழும்பையும் காங்கேசன்துறையையும் புகையிரதப் பாதை இணைத்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களுக்கும் புகையிரத நிலையம் கிடைத்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்று உத்தியோகம் பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பினர். அப்பணம் கல்வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் மாறியது. 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்களுக்கு அறைகளும், ஆசிரியர்களுக்கு வாடகை வீடுகளும், இரு சாராருக்கும் உணவுச்சாலைகளும் தேவைப்பட்டன. தோட்டக் காணிகள் வீட்டுக் காணிகளாக மாறத் தொடங்கின.

அதன்பின் போர் வந்தது. 1990இல் புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் இப்புறநகர் ஊர்களிலே உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் தங்கினர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். மறு ஆண்டு திரும்பி வந்தவர்கள் பலர்; திரும்பாது வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றவர்களும் பலர். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 இலட்சத்துக்குக் குறைந்து காணப்பட்டது. குடித்தொகை குறைந்தால் நெருக்கமும் குறையவேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பட்டினத்தை அண்டிய ஊர்களில் அவ்வாறு நிகழவில்லை. வசதிகளை நாடி மக்கள் பட்டினத்தின் அயலுக்கே வந்தனர். கடல் கடந்து வாழ்வோரும் அங்கேயே வீடமைக்க விரும்பினர். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் சென்றது. மாடி வீடுகள் எழுந்தன. ஒழுங்கைகள் தார் பூசப்பட்டன. கிடுகு வேலிகள் மதில்களாயின.

வேலி மதிலாவது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு சிறிதன்று. யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லைக்குறி மட்டுமன்று. கதியாலாக நாட்டப்பட்ட பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் ஆண்டுதோறும் தழைக்கும். அத்தழையை வெட்டித் தோட்டத்து மண்ணிலே தாழ்ப்பது பழைய வழக்கம். பனையோலையும் பழங்கிடுகும் அவ்வாறே மண்ணுக்கு உரமாயின. ஆட்டெருவும் மாட்டெருவும் அவற்றோடு சேர்ந்தன. வேலி அருகியபோது தழையும் அருகியது, கால்நடையும் குறைந்தது. இரசாயன உரம் அவ்விடத்தை நிரப்பியது. 1970ஆம் ஆண்டுகளில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது; அவர் மேன்மேலும் உரமிட்டு மேன்மேலும் விளைவித்தார். நிலம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் பயிர் உண்டு மிஞ்சிய உரம் எங்கே சென்றது? இவ்வினாவுக்கு விடை காணக் கிணற்றுக்குள்ளே பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலியருகே கடனீரேரியில் கலக்கிறது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 50 அங்குலம். அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் திசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்துவிடும். அந்த மழைநீர் மெல்லிய மண்படையை ஊடறுத்து, அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் சென்று தங்குகின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்பாறையின் துவாரங்கள் வழியே வெளித்தெரியும் அதே தரைக்கீழ் நீரே. கடலோ நான்கு புறமும் சூழ்ந்திருக்கிறது. பாறையின் ஆழத்திலும் உப்புநீர் நிரம்பியுள்ளது. நன்னீர் உப்புநீரிலும் பாரம் குறைந்ததாகையால் அதன்மேலே மிதக்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது புவிநூலார் கண்ட கணக்கு. இக்கணக்கை மாற்றியும் படிக்கவேண்டும். இறைப்பினால் மேல்மட்டம் ஓரடி நிலையாகத் தாழ்ந்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே எழும்பும். கொழும்புத்துறை, அரியாலையின் கரையோரம் முதலிய கடனீரேரியை அண்டிய இடங்களிலே கிணற்றுநீர் உவர்ப்பதற்குக் காரணம் அங்கே நன்னீர்ப்படை மெல்லியதாக இருப்பதே. செம்மண் ஊர்களான திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் ஆகியன நன்னீர் தடித்துக் கிடக்கும் இடங்கள். ஆகையினாலேயே யாழ்ப்பாண மாநகரத்தின் குழாய்நீருக்கான பொதுக் கிணறுகளும் கோண்டாவில், திருநெல்வேலிப் பகுதிகளிலே அமைக்கப்பட்டன. பட்டினம் குடித்த நீர் புறநகரின் நீர். இந்த உண்மை பட்டினத்தார் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

முற்காலத்தில் இந்நீரை எடுக்கத் துலா இருந்தது. துலாமரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையால் நீரை அள்ளி வாய்க்காலில் ஊற்றுவார். மனிதனுடைய தசைவலிமையே இறைப்பின் எல்லையாக இருந்தது. 1950ஆம் ஆண்டுகள் தொடங்கி மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களில் பரவின. பின்னர் வீட்டுக் கிணறுகளில் மின்சார மோட்டாரும் கூரைமேல் நீர்த்தாங்கியும் வந்தன. போர்க்காலத்தில் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாதபோது மக்கள் மீண்டும் கப்பியையும் கயிற்றையும் நாடினர். போர் முடிந்ததும் மோட்டார்கள் மறுபடியும் ஓடின. கயிற்றால் அள்ளிய குடும்பம் அளந்து செலவிட்டது. குழாயைத் திறக்கும் குடும்பத்துக்கு அந்த அளவு தெரிவதில்லை. செலவாகும் நீர் கூடக்கூடக் கழிவாகி நிலத்துக்குள் திரும்பும் நீரும் கூடும்.

இங்கேதான் புறநகர் வாழ்வின் பெரிய இடர் தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்திலே நிலம் பரப்புக் கணக்கில் அளக்கப்படும். ஓர் ஏக்கர் 16 பரப்பு ஆகும். ஒரு பரப்பு நிலத்தைச் சதுரமாக அமைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 52 அடி வரும். ஒரு தலைமுறைக்கு முன் எட்டுப் பரப்பு வளவில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்தன எனக் கொள்வோம். மலகூடம் வளவின் பின்கோடியிலே, கிணற்றுக்கு 100 அடிக்கு அப்பால் இருந்திருக்கும். தேசவழமைச் சட்டம் அங்கீகரித்த சீதன முறைப்படி அவ்வளவு நான்கு பெண்மக்களுக்குப் பங்கிடப்படுகிறது. இப்போது நான்கு வீடுகள், நான்கு மலக்குழிகள், ஒருவேளை நான்கு கிணறுகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பரப்பு, அதாவது 52 அடி அகலமும் 104 அடி நீளமுமுள்ள துண்டு. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வீட்டுக்காரர் தமது கிணற்றை முன்புறத்திலும் குழியைப் பின்புறத்திலும் அமைத்து அவ்வளவைக் காப்பாற்றிவிடுகிறார். ஆனால் அவருடைய குழிக்கு அருகே, மதிலுக்கு அப்பால், பின்வீட்டுக்காரரின் கிணறு இருக்கிறது. மதில் ஆறடி உயரம் எழுந்து நிற்கிறது. நிலத்தின் கீழே அதற்கு வேலையில்லை.

மணற்பாங்கான நிலமாயின் கழிவுநீர் மெதுவாக ஊறி ஓரளவு வடிகட்டப்பட்டுச் செல்லும். சுண்ணாம்புக்கல்லிலோ வெடிப்பின் வழியே அது விரைந்து ஓடிவிடும். யாழ்ப்பாணப் பட்டினத்திலும் சரி, அதன் புறநகரிலும் சரி, வீடுகளின் கழிவுநீரைச் சேர்த்து அகற்றும் பொதுவான குழாய்த் தொகுதி இல்லை. அடித்தளம் பூசப்படாத குழியில் விழும் யாவும் அதே பாறைக்குள்ளே செல்கின்றன. தோட்டத்து உரத்தின் மிச்சமும் அங்கேயே செல்கிறது. இவ்விரண்டும் நைத்திரேற்று என்னும் உப்பாக நீரிலே கரைந்துவிடும். செம்மண் ஊர்களின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதை 1980ஆம் ஆண்டுகள் முதலே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தும் அது மிகுந்திருக்கலாம். 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே கொம்லி என்ற மருத்துவர், கிணற்றுநீரிற் கரைத்த பாலை அருந்திய பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, அதற்கு நைத்திரேற்றே காரணம் என எடுத்துக்காட்டினார். குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதனால் அந்நிலை உண்டாகிறது. அதனைவிட முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதனால் அதன் செறிவு கூடவே செய்யும். கொதித்தாறிய நீரே குழந்தைக்குப் பாதுகாப்பு என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் தாய்மாருக்கு இதனை எடுத்துரைப்பது அவசியம். கிருமிகளின் பொருட்டு நீரைக் காய்ச்சவே வேண்டும். ஆனால் குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர், பரிசோதித்து நன்றென்று கண்ட கிணற்றிலிருந்து வரவேண்டும்.

கிணறும் மலக்குழியும் நெருங்குவதன் ஆபத்தை உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டறிந்தது. 1854ஆம் ஆண்டு இலண்டனிலே சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி நோய் பரவியபோது, இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தெருக்குழாயின் நீரை அருந்தியவர்கள் என்பதை யோன் சினோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்தார். அக்குழாய்க் கிணற்றுக்கு மிக அருகே பழைய மலக்குழி ஒன்று கசிந்துகொண்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. அவ்வீட்டாரோ அயலாரோ தீங்கு நினைத்தவர்கள் அல்லர். தம் காலடியில் நடந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இது கண்முன்னே வெளிப்பட்ட ஒரு காலமும் உண்டு. பட்டினத்துக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியிலுள்ள சுன்னாகத்தில் மின்சாரம் உற்பத்தி செய்த நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் படர்ந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அது பெரும் பிரச்சினையாயிற்று. பல குடும்பங்கள் தம் வளவில் கிணறு இருக்கவும் தாங்கி வண்டியில் வரும் நீருக்காக வாளியுடன் காத்து நின்றன. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அந்நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாவைப் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடாகச் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. அதனால் மக்கள் ஒன்றுசேர்ந்தனர். நைத்திரேற்று அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. எவர்மீதும் வழக்குத் தொடர முடியாதபடி அது எல்லா வீடுகளிலிருந்தும் சிறிது சிறிதாக வருகின்றது.

ஆட்சி எல்லைகளும் இவ்விடரைக் கடினமாக்குகின்றன. பட்டினம் 1949ஆம் ஆண்டு முதல் மாநகர சபையின் ஆட்சியில் உள்ளது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர எல்லைக்குள் இருக்க, திருநெல்வேலியும் கொக்குவிலும் கோண்டாவிலும் நல்லூர்ப் பிரதேச சபையின் கீழ் உள்ளன. அவற்றுக்கு அப்பாலுள்ள ஊர்கள் வேறு பிரதேச சபைகளைச் சேர்ந்தவை. கட்டட அனுமதியை ஒரு சபை வழங்கும். நீரை வேறொரு நிறுவனம் பரிசோதிக்கும். குளத்தை மற்றொரு திணைக்களம் பராமரிக்கும். இவ்வூர்களிலே மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் அனுப்பிய சிறு குளங்களும் கேணிகளும் பல. அவற்றுட் சில தூர்ந்தன. சில குப்பை கொட்டும் இடங்களாயின. குளம் தூர்ந்த ஒழுங்கையில் மாரியில் வெள்ளமும் கோடையில் வற்றிய கிணறும் சேர்ந்தே வருகின்றன.

நீர் வழங்குவதற்குப் பெருந்திட்டங்கள் உருவாகாமல் இல்லை. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வகுத்த திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயல்களை எண்ணி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய அச்சமும் நியாயமற்றதன்று. ஆகவே கடல்நீரை நன்னீராக்கும் வழி தேடப்பட்டது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உப்பகற்றக்கூடிய நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. குழாய்நீர் வரும் வீட்டில் குழந்தைக்கு நல்ல குடிநீர் கிடைக்கும். அது பெரிய நன்மை. ஆயினும் கடல்நீரை நன்னீராக்க மின்வலுவும் பணமும் மிகுதியாக வேண்டும். அந்நீரால் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்க முடியாது. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிட்டுவிட்டால், கைவிடப்பட்ட கிணறு குப்பைக் குழியாகும். அதிற் கொட்டியது அயலவர் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் சென்று சேரும். ஆகவே குழாய்நீர் வந்த பின்னும் கிணற்றைப் பேணும் கடமை நீங்கிவிடுவதில்லை.

இக்கடமையை நிறைவேற்றும் முறைகள் அரியன அல்ல. மலக்குழியை அடியும் பக்கமும் கசியாதவாறு பூசிய தொட்டியாக அமைத்தல். அது நிரம்பும்போது உரிய சபையைக் கொண்டு அகற்றுவித்தல். புதிய வீடு கட்டுவோர் தம் கிணற்றின் தூரத்தை மட்டுமன்றி அயலவர் கிணறுகளின் தூரத்தையும் அளந்து பார்த்தல். கிணற்றுக்குக் கட்டும் அதனைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் அமைத்துக் குளித்த நீர் உள்ளே வடியாது தடுத்தல். ஆண்டுக்கொரு முறையேனும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல். பழைய கிணற்றைக் குப்பையால் நிரப்பாதிருத்தல். கூரையில் விழும் மழைநீரை ஒழுங்கைக்குத் தள்ளாது தொட்டியில் சேர்த்தல். தோட்டத்துக்கு வேண்டிய உரத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அளந்து இடுதல். மதில் எழுப்பினும் ஒரு பக்கமாவது கதியால் வேலியை வைத்துத் தழையைப் பயன்படுத்தல் என்பன யாவும் வீட்டாரின் சக்திக்கு உட்பட்டவை. சபைகள் செய்யவேண்டியவை வேறு உண்டு. ஊர்க் குளங்களை எல்லையிட்டுக் காப்பதும், நெருங்கிய குடியிருப்புகளுக்குப் பொதுவான கழிவுநீர்த் தொகுதி அமைப்பதும், கட்டட அனுமதியின்போது குழியின் அமைப்பைக் காகிதத்தில் மட்டுமன்றி நேரிலும் பார்ப்பதும் அவற்றுட் சில.

யாழ்ப்பாணத்தார்க்குப் பொதுநீரைப் பகிர்ந்து ஆளும் பழக்கம் புதியதன்று. பழைய காணி உறுதிகளிலே நிலத்தின் அளவோடு கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கும் எழுதப்பட்டிருக்கும். பங்காளிகள் முறைநாள் வகுத்து இறைத்தனர். ஒருவர் முறையில் மற்றவர் துலாவைத் தொடார். கோடையில் யாவரும் கூடிக் கிணற்றைக் கலக்கி இறைத்துத் துப்புரவு செய்தனர். அந்த வழக்கத்தில் குறையும் இருந்தது. பங்கு என்பது சிலருக்கே உரியதாய் இருக்க, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் கிணற்றுக் கட்டை அணுகவும் உரிமையின்றி, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. ஒரு கிணற்று நீரை ஒரு சிலருக்கு உரியதாக்கிவிடலாம் என்று அக்காலத்தார் நம்பினர். பாறையின் கீழே அந்நீர் எல்லா வளவுகளுக்கும் பொதுவாகவே இருந்தது.

இன்று வீட்டுக்கொரு கிணறு வந்துவிட்டது. பங்காளி என்ற சொல்லும் வழக்கொழிந்து வருகின்றது. ஆனால் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் திருநெல்வேலியிலும் இரண்டு பரப்புத் துண்டிலே மதில் எழுப்பி வாழும் ஒவ்வொரு குடும்பமும், தான் அறியாமலே, பக்கத்து வீட்டாரோடும் பின்வீட்டாரோடும் பட்டினத்தாரோடும் நீரிலே பங்காளியாக இருக்கின்றது. உறுதியில் எழுதப்படாத இந்தப் பங்கை உணர்ந்து அதற்குரிய முறையையும் வகுத்துக்கொண்டால், நகரத்து வசதியும் ஊரின் நிழலும் ஒருங்கே பொருந்திய இந்த நல்வாழ்வு அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும். அதற்கான முதற்படி, அடுத்த மாரி தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டாரும் அயலவரையும் அழைத்துக்கொண்டு, எவருடைய குழி எவருடைய கிணற்றுக்கு எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்று ஓர் அளவு நாடாவைப் பிடித்து அளந்து பார்ப்பதே.